வார்ட்லி மேப்: கீழ்க்கோடு தரும் எரிச்சல்

வேறு கம்பெனியில் இருக்கும் நண்பர் கேட்டார்: "அடுத்த வருஷ பிளானுக்கு வார்ட்லி மேப் போடலாமா? ஸ்வாட் போதாதா?" ஸ்வாட் என்பது பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு பத்தியில் எழுதிப் பார்ப்பது. வாட்ஸப்பில் பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

வார்ட்லி மேப் என்பது தொழிலின் பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம். உச்சியில் வாடிக்கையாளரும் அவர் தேவையும். கீழே அதைத் தாங்கும் பாகங்கள். கீழ்க்கோட்டில் இடமிருந்து வலமாக நான்கு நிலை: புதிதாக முளைத்தது, அவரவர் தேவைக்கெனத் தனியாகச் செய்துகொள்வது, விலைக்கு வாங்குவது, மின்சாரம்போல எங்கும் கிடைப்பது. சைமன் வார்ட்லி 2005இல் உருவாக்கியது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், காசு கிடையாது. இதெல்லாம் நண்பருக்கே தெரியும்.

என் எரிச்சல் அந்தக் கீழ்க்கோடு. அதற்கு அளவுகோல் இல்லை. அது காலம் அல்ல. ஒரு பொருள் எவ்வளவு பரவியிருக்கிறது, அதைப் பற்றி எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்ற இரண்டும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கும். கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடமே, "லாகின் நம்ம பசங்க எழுதினது, அப்ப இடப்பக்கம்தானே?" என்பார் ஒருவர். யார் எழுதினார்கள் என்பது கேள்வியே இல்லை, சந்தையில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி. ஒவ்வொரு முறையும் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். பணம் வாங்குவதற்கு நாங்களே கட்டிய வாலட்டை ஸ்வாட்டில் வருஷாவருஷம் 'பலம்' பத்தியில் எழுதிவந்தோம். மேப்பில் அதை வைக்கப் போனபோதுதான் பேச்சு மாறியது. 2016இல் வந்த யுபிஐ இன்று தெருமுனைக் கடைவரை இருக்கிறது. பணம் வாங்குவது என்கிற பாகம் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. வாலட்டைக் கட்டியவர்களின் திறமையை யாரும் குறை சொல்லவில்லை. இனி அதில் எத்தனை பேரை வைப்பது என்று மட்டும் பேசினோம். பழைய வெற்றியே கையைப் பிடித்து இழுப்பதை வார்ட்லி 'இனர்ஷியா' என்கிறார். அதைக் காகிதத்தில் ஒரு கட்டையாகக் குறித்த பிறகு, சண்டை போடாமல் முடிவெடுத்தோம். வேறு எந்தக் கருவியும் எங்களுக்கு இதைச் செய்து கொடுத்ததில்லை.

இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: இந்த வருஷம் வேண்டாம். நேற்று மதியம் முழுக்க ஒரே ஒரு புள்ளிக்காகப் போய்விட்டது. உச்சியில் இருக்கும் கடைக்காரரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொறுமையாக நடுவில் நின்று நடத்த ஓர் ஆள் கிடைக்கும்வரை அவர் ஸ்வாட்டிலேயே இருக்கட்டும்.

நான் விடப்போவதில்லை. ஜிஎஸ்டி கணக்குப் பகுதியை எங்கே வைப்பது என்று திங்கட்கிழமை மறுபடி உட்காருகிறோம்.