காயத்தில் ஒட்டாத மென்சிலிக்கோன் வலைத்துணி

எங்கள் மகள் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்னும் அரிய பிறவித் தோல்நோயின் டிஸ்ட்ரோஃபிக் வகையோடு பிறந்தவள்; 7ஆம் வகைக் கொலாஜன் என்னும் புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறையால் மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் நுண்ணிழைகள் வலுவற்றுப்போக, சட்டைத் தையல் உரசினாலே அவளுக்குக் கொப்புளம் எழும். பருத்தித்துணி காயத்தோடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்; வெதுவெதுப்பான நீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்து எடுத்தாலும் புதுத்தோலும் சேர்ந்து உரியும், அந்த அழுகையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இந்த வலைத்துணியோ ஈரக்காயத்தில் ஒட்டாமல், சுற்றியுள்ள உலர்ந்த தோலை மட்டும் மெல்லப் பற்றுகிறது. விரலிடுக்குகளுக்கு ஏற்ப வெட்டிவைக்கவும் முடிகிறது; ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் இந்நோயில் அது பெரிய உதவி. கசிவை இது உறிஞ்சாது. மேலே நுரைப்பஞ்சு வைத்து, பிளாஸ்டர் ஒட்டாமல், தளர்வாகச் சுற்ற வேண்டும். விலை அதிகம். கட்டு மாற்றும்போது அவள் இப்போது கதை கேட்கிறாள்.