காப்பீட்டு அட்டைக்கு மேல் ‘வித்தியாசத் தொகை’ கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், குறிப்பாக வீட்டில் இதய நோயாளி இருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று வாங்கிய அட்டை எங்களுடையது. சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் பரிசோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்றார்கள்.

அட்டையைக் கொடுத்ததும் காப்பீட்டுப் பிரிவு ஊழியர் அம்மாவைத் தனியே அழைத்தார். "அட்டையில் சாதாரண ஸ்டென்ட்தான்மா வரும், அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. இறக்குமதி ஸ்டென்ட் வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 60,000 ரூபாயை மட்டும் ரொக்கமாகக் கட்டிவிடுங்கள்" என்றார். கணவர் உயிருக்குப் போராடும் நேரத்தில் அம்மா என்ன கேள்வி கேட்டிருக்க முடியும்? கடை திறந்ததும் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினோம். ரசீது கேட்டதற்கு, தனியாக பில் போட்டால் காப்பீட்டு அனுமதியே ரத்தாகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். நிரப்பாத இரண்டு படிவங்களிலும் அம்மாவிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்காக வேறொரு மருத்துவரிடம் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருந்த ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, இது இந்தியாவில் தயாரான, மருந்து பூசிய ஸ்டென்ட் என்றும், தரத்தில் குறை ஒன்றும் இல்லை என்றும், காப்பீட்டிலேயே வைக்கக்கூடியதுதான் என்றும் அவர் விளக்கினார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் விசாரித்தோம். அப்பாவின் சிகிச்சைக்கான முழுத் தொகையையும் மருத்துவமனை காப்பீட்டிலிருந்து பெற்றிருந்தது.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியிலேயே ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விலை விதித்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது விதித்தது 29,600 ரூபாய். பிறகு அந்த விலை மாற்றியமைக்கப்பட்டாலும், அது 60,000 ரூபாயை நெருங்கியதே இல்லை. உள்நாட்டுத் தயாரிப்பு, இறக்குமதி என்ற பாகுபாடும் அதில் கிடையாது. ஸ்டென்ட்டின் பெயர், தயாரிப்பு நிறுவனம், விலை ஆகியவற்றை மருத்துவமனை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் விதி. அப்படியிருக்க, ‘வித்தியாசம்’ என்று எங்களிடம் வாங்கிய தொகை முழு ஸ்டென்ட்டின் விலையைக் காட்டிலும் அதிகம். இதை அன்று இரவே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்தச் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருந்திருக்கும்.

திட்டத்தின்கீழ் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு அறுவை சிகிச்சைக் கட்டணம், மருந்து, பரிசோதனை, பொருத்தப்படும் கருவி எல்லாம் மருத்துவமனைக்குக் காப்பீடு தரும் மொத்தத் தொகுப்புத் தொகைக்குள்ளேயே அடங்கும். ஆகவே பணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கிருந்தபடியே 1800 425 3993 என்ற, காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள். நிரப்பாத படிவத்தில் எக்காரணம் கொண்டும் கையொப்பமிட வேண்டாம். தயக்கமாக இருந்தால், உங்களுக்கு நெருக்கமான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மிரட்சியில் இருப்பவரைத் தனியே அழைத்துப் பேசுவதுதான் இவர்களின் வழி.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பணம் வாங்கவே இல்லை என்று மருத்துவமனை பதில் எழுதியிருக்கிறது. எங்களிடம் இருக்கும் ஒரே சான்று, அன்றைய தேதியிட்ட அடகுச் சீட்டு. அதன் நகலையும் மனுவுடன் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.