உப்பு நிலத்து மல்லாட்டைக்குச் சிவப்பு பொட்டாஷா, வெள்ளை பொட்டாஷா?

மல்லாட்டை (நிலக்கடலை) போட்டுப் பத்து நாளாகியும் பாத்தியில் திட்டுத் திட்டாகத்தான் முளைத்திருக்கிறதா? உடனே விதையைக் குறை சொல்லிவிடுகிறோம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை சுற்றுவட்டார நிலமானால் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். தோல் பதனிடும் தொழிலில் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு (சோடியம் குளோரைடு) கழிவுநீரோடு கலந்து பாலாற்றுப் படுகையில் இறங்கிய கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. நிலம் இன்னும் அதைச் சுமக்கிறது. அதன் மேல் நாம் எந்த உரத்தைக் கொட்டுகிறோம் என்பதுதான் என் கவலை.

சிவப்பு பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சாம்பல் சத்து, அதாவது பயிருக்கான பொட்டாசியம் சத்து, 60 சதவீதம். வெள்ளை, பொட்டாசியம் சல்பேட். சத்து 50 சதவீதம், கூடவே கந்தகம். ஓர் உரம் மண் ஈரத்தில் எவ்வளவு உப்பேற்றும் என்பதை, சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்துக் கணக்கிடும் உப்புக் குறியீட்டில் சிவப்புக்கு 116, வெள்ளைக்கு 46. ஏக்கருக்கு 20 கிலோ சாம்பல் சத்து வேண்டுமானால் சிவப்பில் 33 கிலோ, வெள்ளையில் 40 கிலோ. எடை கூடினாலும், வெள்ளை ஏற்றும் உப்புச் சுமை சிவப்பில் பாதிகூட இல்லை.

முளைக்கும் விதைக்கு இது உயிர்ப் பிரச்சினை. மண் ஈரத்தில் உப்பு கூடினால், பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் விதையால் உறிஞ்ச முடியாது. முளைத்த செடியும் ஈர மண்ணிலேயே உச்சி வெயிலில் வாடும், இலை நுனி கருகும். ஏற்கெனவே குளோரைடு மிகுந்த மண்ணுக்குச் சிவப்பு மேலும் குளோரைடைத்தான் கொண்டுவருகிறது.

சரி, விலை? வெள்ளை நிறையவே கூட. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவாரத்தில் உப்பேறாத செம்மண் வைத்திருப்பவர் அந்தச் செலவு செய்யத் தேவையில்லை, சிவப்பே போதும்.

மண்ணில் எவ்வளவு உப்பு என்பதை மின்கடத்தும் திறனால் அளப்பார்கள். நிறைவுற்ற மண்சாற்றில் (தண்ணீர் நிறையும்வரை நனைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரில்) இது 3.2 டெசிசீமன்ஸ்/மீட்டரைத் தாண்டினால் மல்லாட்டை மகசூல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 29 சதவீதம் சரியும். நெல்லுக்கு இது 12 தான். மண்வள அட்டையில் வருவதோ மண்ணில் தண்ணீர் கூடுதலாகக் கலந்து பார்த்த எண், அதனால் குறைவாகவே தெரியும். அதை இந்த 3.2-ஓடு நேராக ஒப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

உப்பு நிலம்தான், ஆனால் கையில் காசில்லை என்றால் சிவப்பையே இரண்டாகப் பிரித்துப் போடலாம். முதல் பாதியை விதையை ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளிப் போடுங்கள். மறுபாதியை 40–45-ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது. வம்பு எதற்கு என்று பொட்டாஷையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் கெடுதல்: சாம்பல் சத்து குறைந்தால் வேர் வழியே சோடியம் எளிதாக ஏறிவிடும்.

ஜிப்சம் உப்பை எடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். அது களருக்கு (சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட நிலத்துக்கு) மருந்து. உவருக்கு (கரையும் உப்பு மிகுந்த நிலத்துக்கு) நல்ல தண்ணீர் கட்டி வடிப்பதுதான் வழி. போர் தண்ணீரே உப்பாக இருந்தால், பொட்டாஷ் வாங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்.