சம்பளம் கூடவா, சாயங்காலம் கூடவா: அக்கா மகனுக்காகப் போட்ட கணக்கு

அக்கா மகன் பி.இ. முடித்துவிட்டுக் கையில் மூன்று வழியோடு நிற்கிறான். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வருஷத்துக்கு மூன்றரை லட்சம் என்று ஆஃபர் கொடுத்திருக்கிறது. குரூப் 4 எழுதியதில் நல்ல ரேங்க், கவுன்சலிங்குக்குக் கூப்பிடுவார்கள். ஷார்ஜாவில் இருக்கிற எங்கள் அண்ணன், "பாஸ்போர்ட் எடுத்து வையிலே, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்கிறான். எதில் காசு கூட என்று அக்கா கேட்டாள். எதில் நேரம் கிடைக்கும் என்று அவன் கேட்டான். ஏழு வருஷம் சென்னையில் பிபிஓவில் இருந்துவிட்டு 2019-ல் ஊருக்குத் திரும்பி, பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் நான், அதனால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

எங்கள் வீட்டில் நேரம் என்றாலே காசுதான். முக்கூடல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அம்மா மடியில் பீடித்தட்டு எப்போதும் இருக்கும். இலையை நனைத்து, அச்சுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூள் போட்டுச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஆயிரம் எண்ணிக் கட்டினால்தான் அன்றைய கூலி. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் அன்றைக்கு இருநூறு குறையும், எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஐந்நூறு குறையும். சும்மா உட்கார்ந்து அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை, பேசும்போதும் விரல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் "காசு முக்கியமில்லை, நிம்மதிதான் முக்கியம்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்காது. காசு இல்லாத வீட்டில் முதலில் பறிபோவது நேரம்தான்.

சரி, முதலில் காசு. சென்னை ஆஃபரில் பிஎஃப் போகக் கையில் மாசம் 25,000 வரும். ரூம் வாடகைப் பங்கு, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் கழித்தால் எட்டாயிரம் மிஞ்சுவதே பெரிது. குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500. அகவிலைப்படியே இப்போது அதில் பாதிக்கு மேல், அப்புறம் வீட்டு வாடகைப்படி. பிடித்தம் போனாலும் முப்பதாயிரத்தை ஒட்டி வரும், வீட்டிலிருந்தே போய்வந்தால் பாதிக்கு மேல் மிச்சம். ஆக, சென்னை என்றால் பணம், ஊர் என்றால் நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, முதல் மூன்று வருஷத்துக்கு அது உண்மையே இல்லை, இரண்டுமே அரசாங்க வேலையில்தான் கூட. அதற்கப்புறம்தான் கோடு மாறும். அரசாங்கத்தில் வருஷத்துக்கு 3 சதவீத இன்கிரிமென்ட், அகவிலைப்படி உயர்வு, அவ்வளவுதான். சாஃப்ட்வேரில் படிக்கத் தெரிந்தவன், கம்பெனி மாறத் தெரிந்தவன், எட்டு வருஷத்தில் லட்சத்தைத் தாண்டுகிறான். எல்லோரும் தாண்டுவதில்லை, முப்பத்தைந்து வயதில் வேலை போய் வந்து நிற்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

இனி நேரம். சென்னையில் ஆபீஸ் சிறுசேரியில், ரூம் மேடவாக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி எட்டரை, ஒன்பது. சனி, ஞாயிறு லீவு என்பார்கள். எனக்கு இருந்த லீவில் ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் துணி. ஊருக்கு வரணும் என்றால் வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், சனி காலை திருநெல்வேலி ஜங்ஷன், ஞாயிறு ராத்திரி மறுபடி ரயில். ஊரில் இருப்பது முழுசாக இரண்டு பகல்கூட இல்லை, அதிலும் ஒரு மத்தியானம் தூங்கியே போகும். 2023 செப்டம்பரில் வந்தே பாரத் விட்டார்கள், எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது, நல்ல வண்டிதான், ஆனால் அது பகலைச் சாப்பிடுகிற வண்டி, வெள்ளிக்கிழமை வேலை பார்க்கிறவன் அதில் ஏற அரை நாள் லீவு போடணும். பொங்கலுக்கு டிக்கெட் வேண்டுமென்றால் இப்போது அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரணும். என் காலத்தில் நூற்றிருபது நாள். தை மாசம் ஊருக்கு வர ஆவணியிலேயே கவலைப்பட ஆரம்பிப்போம்.

அரசாங்க வேலை என்றால் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு சீட்டை விட்டு எழுந்துவிடலாம் என்று அக்கா மகன் நினைக்கிறான். அது எந்தத் துறை என்பதைப் பொறுத்தது. கருவூலமோ பத்திரப்பதிவோ கிடைத்தால் ஓரளவு சரி. வருவாய்த்துறை என்றால் தேர்தல், வெள்ளம், அமைச்சர் வருகை எல்லாம் தலையில்தான். கிராம நிர்வாக அலுவலருக்கு நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது, ஊருக்குள் ஒரு சாவு, ஒரு சண்டை என்றால் ராத்திரியும் போன் வரும். ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு, முப்பது நாள் ஈட்டிய விடுப்பு, அப்புறம் அறுபது வயது வரை வேலையைப் பற்றிப் பயமில்லை. இந்தப் பயமின்மையையும் நான் நேரத்தில்தான் சேர்ப்பேன், ஏனென்றால் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே படுக்கிற ஞாயிற்றுக்கிழமையை லீவு என்று எண்ண முடியாது. நான் அப்படி நிறைய ஞாயிறுகளைக் கழித்திருக்கிறேன்.

அண்ணன் கணக்கு தனி. மாசம் 3,500 திர்ஹாம், நம் காசுக்கு எண்பதாயிரத்துக்கு மேல், அங்கே வருமான வரி கிடையாது. பெட் ஸ்பேஸில் ஆறு பேரோடு படுத்து, முக்கால்வாசியை ஊருக்கு அனுப்பிவிடுவான். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு, திருவனந்தபுரத்தில் இறங்கி வருவான். அவன் மகளுக்கு ஒன்பது வயது. அவளோடு அவன் இருந்த நாளையெல்லாம் கூட்டினால் பத்து மாசம்கூட வராது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்குக் கவுன் வாங்கி வருவான், போன வருஷம் பார்த்த உயரத்தை மனசில் வைத்து வாங்கியது, போட்டால் முழங்காலுக்கு மேலே நிற்கும். மயினி, அதாவது அவன் மனைவி, ஒன்றும் சொல்லாமல் மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள். அந்த அடுக்கை நான் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கம் வெள்ளம் வந்த அன்று, மழை வலுத்தபோதே நான் போய் அம்மாவையும் மயினியையும் பிள்ளையையும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். டவர் இல்லை. இரண்டு நாள் கழித்து லைன் கிடைத்தபோது அண்ணன் "எல்லாரும் இருக்காகளா?" என்று மட்டும் கேட்டான், அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

என் கதைக்கு வருகிறேன். சென்னையில் கடைசியாக 52,000 வாங்கினேன், இங்கே வந்தபோது 18,000, இப்போது 28,000. மாசம் 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி, செப்டம்பர் கடைசியில் டாக்ஸ் ஆடிட், அந்த நாட்களில் நேரம் கிடையாது. மற்ற நாளில் ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் இருபது நிமிஷத்தில் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறை. பையனுக்கு அங்கேதான் நீச்சல் பழக்கினேன், இடுப்பில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கட்டி, முருகன் கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில். தினமும் அரை மணி, நாற்பது நாள் போல ஆனது. கேனை அவிழ்த்த அன்றைக்கு அவன் என் கழுத்தைப் பிடிக்காமல் நாலு கை போட்டான். இதை வருஷத்துக்கு ஒரு மாச லீவில் செய்ய முடியாது, சனி ஞாயிறு வந்துபோகிறவனும் செய்ய முடியாது. நேரத்தைச் சேர்த்து வைத்து மொத்தமாகச் செலவழிக்க முடியாத காரியங்கள் உண்டு, தினம் கொஞ்சம் என்றால்தான் நடக்கும். மூன்று வேலையையும் ஒப்பிடும்போது வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்று பார்க்காமல், ஒவ்வொரு சாயங்காலமும் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பாய் என்று பாரு என்று மருமகனிடம் சொன்னது இதனால்தான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லணும், இதைச் சொல்லாமல் விட்டால் பொய். நான் 52,000-ஐ விட்டுவிட்டு 18,000-க்கு வர முடிந்தது அண்ணன் பணத்தால். வீடு அவன் கட்டியது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் அவன் காசு. என் சாயங்காலத்துக்கு ஷார்ஜா வெயிலில் அவன் பணம் கட்டிக்கொண்டிருந்தான். அதேபோல நான் ஆற்றில் நிற்கிற நேரத்தில் என் வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, அடுப்படியில் நிற்கிறாள். இது உறைக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது மாவு ஆட்டுவதும் ராத்திரி சமையலில் பாதியும் என்னுடையது, அவளும் வாரத்தில் இரண்டு நாள் ஆற்றுக்கு வருகிறாள். ஆகவே ஒரு ஆளுக்கு என்று இந்தக் கணக்கைப் போடக்கூடாது, வீட்டுக்கு என்று போடணும். ஒருத்தன் நேரம் எடுத்தால் யாரோ ஒருத்தர் அதற்குக் கொடுக்கிறார்கள்.

அக்கா வீட்டில் நாலு லட்சம் படிப்புக் கடன், கொஞ்சம் நகை அடகில் இருக்கிறது. கணக்கைப் பார்த்துவிட்டு நான் சொன்னது: கவுன்சலிங்கில் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, இந்த மூன்றில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், எடு, ஐந்து வருஷத்தில் கடன் அடையும். கிடைக்காமல் வடக்கே ஏதோ ஒரு மாவட்டம் என்றால் அங்கேயும் வாடகை, அங்கேயும் ரயில், நேரமும் இல்லை வளர்கிற சம்பளமும் இல்லை, அதற்கு சென்னையே மேல். கல்ஃப் கடைசி. போவதாக இருந்தால் எந்த வருஷம் திரும்புவது என்று டிக்கெட் எடுக்கும் முன்னாலேயே எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகணும். அண்ணன் இரண்டு வருஷம் என்றுதான் போனான், பன்னிரண்டு ஆகிறது.

அவன் கேட்டான்: "மாமா, வந்தது நல்லதுன்னு இப்பவும் நினைக்கியளா?" நினைக்கிறேன் என்றேன். போன தையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனில் நாலு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன், ஆறாயிரம் வருகிறது, அது நேராக அண்ணன் வீட்டுக் கடனுக்குப் போகிறது. இப்படியே போனால் அவன் நினைத்ததைவிட ஒரு வருஷம் முந்தி வரலாம். அடுத்த ஆனித் தேருக்கு நெல்லையப்பர் கோயில் வாசலில் வடம் பிடிக்க அவனும் இருக்கணும் என்று சொல்லியிருக்கிறேன், மகளைத் தோளில் தூக்கிக்காட்ட அவளுக்கு இப்போதே வயது கொஞ்சம் கூடிவிட்டது.