"வின்டேஜ் லென்ஸ்னா அப்படித்தான் ப்ரோ" – நிக்கான் வச்சிருக்கவங்க கொஞ்சம் படிச்சுட்டு வாங்குங்க

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கவங்க யாராவது இன்ஸ்டாகிராம்ல பழைய ரஷ்யன் லென்ஸ் வாங்கப் போறீங்கன்னா, ஜிபே பண்றதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க. எனக்கு மொத்தம் 13,160 ரூபா போச்சு. காசு போனத விட, நல்ல லென்ஸ் ஒண்ணு கைக்கு வந்துட்டு கைய விட்டுப் போச்சேங்கறதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

என்கிட்ட இருக்கறது டி5600. ஹீலியோஸ் 44-2ன்னு ஒரு லென்ஸ், 58 எம்எம் எஃப் 2, ஜெர்மனிக்காரன் செஞ்ச பயோட்டார் டிசைன பாத்து சோவியத் ஆளுங்க லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளுனது, ஜெனிட் கேமராவோட வரும். பின்னாடி இருக்கற இலை, லைட்டு எல்லாம் சுழி சுழியா வரும் பாருங்க, அதுக்காகவே இப்ப எல்லாரும் தேடுறாங்க. பாப்பாவ அதுல ஒரு படம் எடுக்கணும்னு எனக்கும் ஆச. ஒரு பேஜ்ல அடாப்டரோட (வேற கேமரா லென்ஸ நம்ம கேமராவுல மாட்டற வளையம்) சேத்து 8,500ன்னு போட்டிருந்தான். டி5600க்கு ஆகுமான்னு தெளிவா கேட்டேன். "பர்ஃபெக்ட் ஃபிட் ப்ரோ, மீட்டரிங்கும் ஒர்க் ஆகும்"னு பதில் வந்துச்சு. அந்த சாட் இன்னும் என்கிட்ட இருக்கு.

லென்ஸ் வந்துச்சு, சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி பளிங்கு மாதிரி, ஃபோகஸ் ரிங் வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. அடாப்டர திருகி கேமராவுல மாட்டுனா டக்குனு உக்காந்துச்சு. அவன் சொன்ன ஃபிட் அதோட முடிஞ்சு போச்சு. மொதல்ல ஷட்டரே விழல, 'லென்ஸ் மாட்டல'ன்னு கேமரா சொல்லுது, அப்புறம் எம் (மேனுவல்) மோடுக்கு மாத்துனாதான் க்ளிக் ஆகுது, வெளிச்சத்த அளக்கற மீட்டர் சுத்தமா செத்துப் போச்சு. டி3500, டி5600 வகையில சிப் இல்லாத லென்ஸ் போட்டா அப்படித்தானாம். சரி, வெளிச்சத்த பாத்து குத்துமதிப்பா எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். பாப்பாவ பக்கத்துல உக்கார வச்சு எடுத்தா கண்ணிமை ஒவ்வொண்ணா எண்ணலாம். மொட்டை மாடிக்கு போயி மலைக்கோட்டைய பாத்தேன், எங்க வீட்டு மாடியில இருந்து நேரா தெரியும். ரிங்க கடைசி வரைக்கும் திருப்பிட்டேன், உச்சிப்பிள்ளையார் கோவில் பஞ்சுமிட்டாய் மாதிரி நிக்குது. கீழ இறங்கி வந்து டேப் வச்சு அளந்தேன். சுமார் அஞ்சரை அடிக்கு அந்தப் பக்கம் எதுவுமே ஷார்ப் கெடையாது.

அவன்கிட்ட சொன்னா, "வின்டேஜ் லென்ஸ்னா அப்படித்தான் ப்ரோ, ட்ரீமி லுக்"குங்கறான். எஃப் 16 வச்சா, அதாவது அப்பர்ச்சர் ஓட்டைய சின்னதாக்குனா, எல்லாம் சரியாயிரும்னான். வச்சேன். பஞ்சுமிட்டாய் கொஞ்சம் சின்ன பஞ்சுமிட்டாய் ஆச்சு.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன், வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும், என் புத்தி. விஷயம் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் (கேமராவுல லென்ஸ் மாட்டற வாய்) லென்ஸ் உக்கார்ற எடத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்கு. ஹீலியோஸோட எம்42 திருகு மவுன்ட்டுக்கு அது 45.46 மிமீ. நிக்கான் எஃப் மவுன்ட்டுக்கு 46.5. அதாவது லென்ஸ் எங்க நிக்கணுமோ அந்த எடத்துல நிக்கானோட உடம்பே நிக்குது, அதுக்கு மேல அடாப்டரோட தடிமன் வேற. எனக்கு எல்லாம் சேந்து ஏறக்குறைய 2 மிமீ தள்ளி நிக்குது. லென்ஸோட 58 மிமீய 58ஆல பெருக்கி, தள்ளி நிக்கற அந்த ரெண்டால வகுத்துப் பாருங்க, எவ்ளோ தூரம் வரைக்கும் ஷார்ப்பா வரும்னு தெரியும்: 1682 மிமீ, அஞ்சரை அடி! நான் டேப்ல அளந்த அதே அஞ்சரை அடி. லென்ஸ் விக்கறதையே தொழிலா வச்சிருக்கவனுக்கு இது தெரியாதுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

இதே கேனான் இஎஃப் மவுன்ட்டுக்கு 44 மிமீதான், அதுல ஒன்றரை மிமீ கிட்ட எடம் கெடைக்குது, மெல்லிசு வளையம் போதும். என் ஃப்ரெண்டோட 200டில 600 ரூபா அடாப்டர் போட்டு அதே லென்ஸ மாட்டினோம், மலைக்கோட்டை படி படியா தெரியுது. "மாப்ள, இத என்கிட்ட குடுத்துரு, 8,000 தரேன்"னான் அவன். குடுத்திருந்தா 500 ரூபாயோட கதை முடிஞ்சிருக்கும். குடுக்கல.

அந்த பேஜ்காரன் அடுத்து ஒரு கண்ணாடி வச்ச அடாப்டர் விக்கறான், 1,600. இன்ஃபினிட்டி, அதாவது ரொம்ப தூரத்துல இருக்கறதும் ஷார்ப்பா, வருதுதான், இல்லேங்கல. ஆனா நல்ல லென்ஸுக்கு பின்னாடி சோடா பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடிய வச்சா என்ன ஆகும்? படம் கொஞ்சம் பெருசாகுது, எஃப் 2ல எடுத்தா வாஸ்லின் தடவுன மாதிரி இருக்கு, எதிர்ல பல்பு இருந்தா படம் முழுக்க வெளுத்துப் போகுது. அதையும் சொன்னேன். ஒடனே "அப்ப பெர்மனென்ட்டா மவுன்ட் கன்வர்ஷன் பண்ணித் தரேன் ப்ரோ, உள்ள இருக்கற கண்ணாடி பிளாக்க பின்னால இறக்கி நிக்கான் மவுன்ட்டே போட்டுடலாம், 2,800"ன்னான். இந்த வேலை நெஜமாவே இருக்கு, ஒழுங்கா செய்யறவங்களும் இருக்காங்க, அதனாலதான் நம்புனேன். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் கூரியர் போட்டேன், அதுக்கு ஒரு 260.

பத்து நாள்னான். ஸ்பேர் வரல, மாஸ்டர் ஊருக்குப் போயிருக்காரு, மாஸ்டருக்கு காய்ச்சல், கடைசில தீபாவளி முடிஞ்சுதான் பார்சல் வந்துச்சு. மவுன்ட் மாத்திருக்கான், மாட்டிப் பாத்தேன், இன்ஃபினிட்டியும் வருது. சந்தோஷமா எடுத்து பாத்தா எல்லா படமும் சாயங்காலப் பனி மாதிரி மங்கலா இருக்கு. லென்ஸ கழட்டி அப்பர்ச்சர முழுசா தொறந்து, பின்னாடி இருந்து செல்ஃபோன் டார்ச் அடிச்சேன். உள் கண்ணாடில ஓரத்துல இருந்து நடு வரைக்கும் சிலந்தி வல மாதிரி ஃபங்கஸ். ஃபோகஸ் ரிங் ஸ்க்ரூ தலையெல்லாம் தப்பான ஸ்க்ரூட்ரைவர் போட்டு நசுங்கி பித்தளை பல்லிளிக்குது. ரெண்டரை மாசத்துல இவ்ளோ ஃபங்கஸ் எப்படி வரும்னு நெனச்சப்பதான் சந்தேகம் தட்டுச்சு.

லென்ஸ் வாங்குன அன்னிக்கு பெருமைக்கு ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன், முன்னாடி இருந்து எடுத்த க்ளோசப். அத தேடி எடுத்து பெருசாக்கிப் பாத்தா சீரியல் நம்பர் 79ல ஆரம்பிக்குது. இந்த லென்ஸ்கள்ல மொத ரெண்டு எண் பெரும்பாலும் செஞ்ச வருஷம், அதாவது 1979. இப்ப என் கையில இருக்கறது 83ல ஆரம்பிக்குது. லென்ஸயே மாத்திட்டான் பாவி. கன்வர்ஷனுக்கு என்கிட்டயே காசு வாங்கி, அவன்கிட்ட விக்காம கெடந்த பூஞ்ச புடிச்ச லென்ஸ எனக்கு தள்ளிட்டு, என்னோடத வச்சுகிட்டான்.

ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனேன். "முன் ரிங் டேமேஜ், அதான் வேற போட்டோம்"னான். சரி, உள்ள ஃபங்கஸையும் நீதான் வேற போட்டியான்னு கேட்டேன். ப்ளாக். சைபர் க்ரைம் 1930க்கு ஃபோன் பண்ணி புகார் குடுத்திருக்கேன், புகார் நம்பர் வந்துருக்கு, பாப்போம்.

வாங்கியே ஆவேன்னு இருக்கவங்களுக்கு: சோனி இ மவுன்ட்டுல அந்த தூரம் 18 மிமீ, நிக்கான் இசட்ல 16 மிமீ, அந்த மாதிரி மிரர்லெஸ்ல (உள்ள மிரர் இல்லாத கேமரா) எம்42 லென்ஸ் தாராளமா மாட்டலாம், நடுவுல வெறும் குழாய்தான், கண்ணாடி வேணாம். சோனில 'லென்ஸ் இல்லாம ரிலீஸ்'ங்கற செட்டிங்க மட்டும் ஆன் பண்ணிருங்க, இல்லேன்னா சில அடாப்டர்ல ஷட்டர் விழாது. டிஎஸ்எல்ஆர்காரங்க விக்கறவன்கிட்ட "ஆகுமா"ன்னு கேக்காதீங்க, ஆகும்னுதான் சொல்லுவான். உங்க மாடல் கேமராவுலயே மாட்டி தூரத்துல இருக்கற ஒரு டவரையோ கோபுரத்தையோ கண்ணாடி இல்லாத அடாப்டர்ல எடுத்த வீடியோ கேளுங்க. டார்ச் அடிச்ச வீடியோவும். ரிப்பேருக்கு குடுக்கறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரையும் உள் கண்ணாடியையும் படம் எடுத்து அவனுக்கே வாட்ஸப் பண்ணிட்டு அப்புறம் பார்சல் கட்டுங்க. எனக்கு அந்த ஸ்டேட்டஸ் மட்டும் இல்லேன்னா என் வீட்டு ஈரத்துலதான் ஃபங்கஸ் வந்துச்சுன்னு நானே நம்பிட்டு இருந்திருப்பேன்.

அந்த பேஜோட பேர இங்க போடல, புகார் ஓடிட்டு இருக்கு. ஆனா என் லென்ஸ் எங்கயாவது திரும்ப விலைக்கு வரும். ஹீலியோஸ் 44-2, சீரியல் 79ல ஆரம்பிக்கும், முன்னாடி 49 எம்எம் ஃபில்டர் மாட்டற மரையில ஒரு எடத்துல நகம் அளவுக்கு நசுங்கல் இருக்கும், உள்ள கண்ணாடி பளிச்சுனு இருக்கும். கண்ணுல பட்டா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.