மினிமலிஸ்ட் இன்டீரியருக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் ஓஎம்ஆர், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் புது ஃப்ளாட் வாங்கிவிட்டு இன்டீரியருக்குக் கொட்டேஷன் கேட்டு அலைகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்களுக்கு 7 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் சமையலறை அலமாரி ஊதிவிட்டது, செய்து கொடுத்த கம்பெனி போனை எடுப்பதில்லை. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு என் அம்மா. அடைசல் இல்லாமல் (மினிமலிஸ்ட் என்றால் அதுதானே), துடைக்கச் சுலபமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். ஷோரூமில் காட்டிய 3டி படம் அழகாகத்தான் இருந்தது: வெள்ளைக் கதவுகள், கைப்பிடி கிடையாது, பரண் கிடையாது, மேடையில் ஒரு செடி மட்டும். அந்தப் படத்தில் கேஸ் சிலிண்டர் இல்லை, கிரைண்டர் இல்லை, ஒரு பிளக் பாயின்ட் கூட இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் சைட்ல பாத்துக்கலாம் சார், இப்பவே போட்டா கிளீன் லுக் போயிடும்" என்றார் டிசைனர். சைட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை. கிரைண்டர் இன்றைக்கும் பால்கனியில்தான் இருக்கிறது.

பரணை எடுத்தார்கள், தொகை குறையவில்லை. கைப்பிடி இல்லாத கதவுக்கு 'புஷ் ஓபன்' என்று தனியாக ஒரு தொகை சேர்த்தார்கள். அம்மா குனிந்து அழுத்தினால் கதவு ஒரு விரற்கடை திறக்கும், அப்புறம் விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டும்; மாவுக் கையோடு, மஞ்சள் கையோடு தொட்டுத்தொட்டு வெள்ளை லேமினேட்டில் விளிம்பு முழுக்கக் கறை. வயதானவர்கள் சமைக்கும் வீட்டில் கைப்பிடியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். பெரிய மோசடி மரத்தில்தான். சமையலறை முழுக்க ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) பிளைவுட் என்று வாயாலும் சொன்னார்கள், கொட்டேஷனின் முதல் பக்கத்திலும் இருக்கிறது. முன்பணம் கட்டிய பிறகு அனுப்பிய இணைப்பில் மட்டும், "கார்கஸ்: இன்ஜினியர்ட் வுட்" என்று ஒரு வரி. கார்கஸ் என்றால் கதவு நீங்கலான அலமாரிப் பெட்டி. விசாரித்தபோது, "அதுவும் பிளைதான் சார், கம்பெனி ஃபார்மட் அப்படி" என்று சமாளித்தார்கள். ஐப்பசி மழையில் சிங்க் அடியில் லேசாகக் கசிவு. பெட்டியின் அடிப்பலகை, விளிம்பில் ஒட்டியிருந்த பட்டையைப் பிய்த்துக்கொண்டு வீங்கியது. பக்கத்து பிளாக்கில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகக் கீறினார், ஈர மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. "இது பிளைவுட் இல்லண்ணே, பார்ட்டிகிள் போர்டு. கீல் இதுல எத்தனை நாள் நிக்கும்?" என்றார். அதற்கு முன்பே இரண்டு கதவுகள் தொங்க ஆரம்பித்திருந்தன.

ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட்; கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டும் ஒட்டு விடக்கூடாது என்பது அதன் சோதனை. பார்ட்டிகிள் போர்டு மரத்துகளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. வெட்டிய விளிம்பு வழியே தண்ணீர் ஏறினால் ஊதும், காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது. மேலே ஒரே வெள்ளை லேமினேட்டை ஒட்டி, ஓரத்தில் பட்டையையும் ஒட்டிவிட்டால் இரண்டுக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. அதனால்தான் இந்த வழவழப்பான மூடிய டிசைன் இவர்களுக்கு இவ்வளவு வசதி.

கொட்டேஷனில் பெட்டி, கதவு, பின்பலகை மூன்றுக்கும் தனித்தனியாகப் பலகையின் பெயர், ஐஎஸ் எண், பிராண்ட், மில்லிமீட்டர் கனம் எழுதி வாங்குங்கள். எச்டிஎச்எம்ஆர் என்று போட்டிருந்தால் அதுவும் மரநாரை அழுத்திச் செய்த போர்டுதான், பிளைவுட் இல்லை. பட்டை ஒட்டுவதற்கு முன் வெட்டுவாயைப் பாருங்கள், பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தெரியும். முழு ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்ற உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். தொழிற்சாலையில் வெட்டுகிறோம், பார்க்க முடியாது என்பார்கள். பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்று சொல்லுங்கள்.

தவணைதான் அவர்களுடைய பிடி. எங்களிடம் முதலில் 10 சதவீதம், உற்பத்திக்கு முன் 50, லாரி கிளம்பும் முன் மீதி 40. ஒரு பலகை கூட வீட்டுக்குள் வராத நிலையில் மொத்தப் பணமும் அவர்கள் கையில். இதை மாற்ற மறுக்கிற கம்பெனியிடம் போகவே போகாதீர்கள். வேலை முடிந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்கிற வரைக்கும் 20 சதவீதமாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் "பெங்களூரு நீதிமன்றம் மட்டும்" என்று போட்டிருக்கிறார்களே என்று பயப்பட வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். ஊதிப்போன பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சாட்சிக்கு வேண்டும். நாங்களும் அந்த அடிப்பலகையைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நாங்கள் அனுப்பிய நோட்டீஸுக்குக் கம்பெனிக்காரர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்பதை வந்ததும் எழுதுகிறேன்.