மினி-இசட்டா, பத்தில் ஒன்றா?

ரிமோட் கார் பந்தயத்துக்குப் புதிதாக வருபவர் முதலில் தடுமாறுவது எந்த அளவுக் காரை வாங்குவது என்பதில்தான். 1/10 டூரிங் கார் என்பது நிஜ சாலைப் பந்தயக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு மாடல்; அதன் அகலமே சுமார் 19 செ.மீ. அதை ஓட்ட பெரிய ஹாலோ தார்த்தளமோ வேண்டும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு ஏற்ற சார்ஜரும் வேண்டும். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது, சரி. ஆனால் சுவரில் பலமாக மோதினால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் போச்சு.

ஜப்பானின் கியோஷோ 1999-இல் கொண்டுவந்த மினி-இசட் 1/28 அளவு. நான்கு ஏஏஏ பேட்டரி போதும். ஒன்றோடொன்று கோர்க்கும் ஃபோம் பலகைகளை விரித்தால் வீட்டுக் கூடமே பந்தயத்தடம். எடை குறைவு என்பதால் மோதினாலும் பெரும்பாலும் நிமிர்த்தி வைத்து ஓட்டலாம். இத்தனை பேரை இழுப்பது அதுதான் என்பேன். பெரிய தொல்லை, தரையில் கிடக்கும் தலைமுடி. அச்சில் இறுகச் சுற்றிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றி, சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அப்புறம் டயரில் கொஞ்சம் தூசி படிந்தாலும் வளைவில் வழுக்கும். என் ஓட்டு இருந்தும் இதற்கே.